சுண்ணாம்பு முளைக்க வைத்த சிரிப்பு

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாள் தொடக்கம் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறான். "எப்படியிருந்திச்சு விதானையார்?" திருவிழாவா பார்த்துவிட்டு வந்தேன்? சொல்லத் தொடங்கினால் பாதிக் கதையில் கொட்டாவி விடுகிறார்கள். மீதிப் பாதியில் தங்கள் சித்தப்பனுக்கு வந்த வாதத்தைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்கட்டும், தெரியாதவன் தெரிந்தவனைப் பிடித்துக் கேட்கட்டும். என் தாடைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார்.

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே என் மேலுதடு இடப்பக்கம் சற்றுத் தூக்கித்தான் இருக்கும். சும்மா இருந்தாலும் எதிரில் நிற்பவனை இளக்காரமாகப் பார்த்துச் சிரிப்பதுபோலத் தெரியும். முகம் மட்டுமல்ல, குணமும் அதுதான் என்று ஊரார் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. வட்டவிதானை வேலை பார்க்கிறவனுக்கு வேறென்ன குணம் வரும்? வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்பரப்பு. அதற்குள் யார் எப்போது தண்ணீர் கட்டுவது, வேலியில் யார் பங்கு எது, யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்று தீர்ப்பது என் உத்தியோகம். பொய் சொல்லாமல் என்னிடம் வழக்குக் கொண்டுவந்த ஒரு வெள்ளாமைக்காரனை நான் இன்னும் காணவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு உதடு தூக்கிப் போவது நியாயம்தானே.

என் வீடு குருக்கள்மடத்தில். என் வீடு என்று வாய்தவறி வந்துவிட்டது, அது என் பெண்சாதி பொன்னம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் போகும். கலியாணம் முடித்தவன் துணிமூட்டையோடு போய் அங்கே இருக்க வேண்டியதுதான். அப்படி வந்து இருக்கிறவனுக்கு ஒரு தலையிடி வந்தால்கூட அவன் தாய்வீட்டார் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, "எங்கட பிள்ளைய என்ன செய்தீங்க?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே பெண்வீட்டார் மாப்பிள்ளையைத் தாங்குவார்கள். என்னைத் தாங்கும் பொறுப்பு பொன்னம்மாவின் தம்பி சின்னத்தம்பியின் தலையில் விழுந்திருந்தது. அவன் செட்டிபாளையத்தில் பெண் எடுத்து, அங்கே சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கிறான். வாவியில் மட்டிச் சிப்பி வாரிச் சுட்டு நீற்றி வெற்றிலைக்கு விற்பான். சாதுவான மனிசன். அவனுடைய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று சனம் சொல்லும். அதைத் தவிர அவனிடம் புகழ வேறொன்றும் இல்லை, அதையும் நான் ஒருநாளும் புகழ்ந்தது கிடையாது.

வினை மாரி விதைப்புக்கு முன்னால் வந்தது. எங்கள் வயல்கள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். எருமைகளைப் பிணைத்து வயலை மிதிக்க விட்டிருந்தார்கள். எருமை மிதிப்பதோடு நிற்குமா? சேறும் சாணியும் மூத்திரமும் கலந்து முழங்காலளவு கிடந்தது. அதற்குள் எவனோ ஒரு புண்ணியவான், வாய்க்காலை அடைத்திருந்த பலகையைக் கள்ளமாகக் கழற்றி எறிந்திருந்தான். பலகையைக் கழற்றத் தெரிந்தவனுக்கு ஆணியைக் கழற்றத் தெரியவில்லை. அது என் வலக்குதிக்காலில் ஏறி நின்றது.

தோணியில் இக்கரை வந்து, நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதற்குள் செய்தி செட்டிபாளையம் போய்விட்டது. சின்னத்தம்பி மூச்சிரைக்க வந்தான். பொன்னம்மா காலைக் கழுவத் தண்ணீர் எடுத்தாள். அவன் செம்பைத் தட்டிவிட்டான்.

"கழுவாத அக்கா, நீர் கோத்திரும்" என்றான். இடுப்பிலிருந்து கறண்டகத்தை எடுத்தான். கறண்டகம் என்பது சுண்ணாம்பு வைக்கும் சின்னக் கூடு, வெற்றிலை போடுகிற எவனும் அது இல்லாமல் படலை தாண்டமாட்டான். "மச்சான், இது இண்டைக்கு நீத்தின சுண்ணாம்பு. இதுக்குக் கிட்ட ஒரு பூச்சியும் வராது."

ஆணி ஏறிய துளைக்குள் சுண்ணாம்பை விரலால் திணித்தான், சேற்றோடு சேர்த்து. உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"மெதுவாடா மடையா!" என்றேன்.

அவன் சிரித்தான். என் ஏச்சு அவனுக்குச் சோறு தண்ணி மாதிரி. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே இன்னொரு விரல் சுண்ணாம்பு வைத்து, துணி சுற்றிக் கட்டினான்.

புண் வெள்ளைப் பொருக்குக் கட்டி வாய் மூடிக்கொண்டது. வலியும் அடங்கியது. பார்க்க வந்தவர்களெல்லாம் சின்னத்தம்பியின் சுண்ணாம்பைப் புகழ்ந்தார்கள். நானும் செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினேன்.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் வெற்றிலை போட வாயைத் திறந்தால் திறக்க மறுத்தது. பல்வலி என்று நினைத்தேன். மத்தியானம் கழுத்து விறைத்தது. பாய் சரியில்லை என்று பொன்னம்மாவை ஏசினேன். அன்று பின்னேரம் வேலி அடைக்கிற நாள் குறிக்கக் கூட்டம். விதானை போகாவிட்டால் ஒருவன் குரல்வளையை ஒருவன் கடித்துவிடுவான் என்று போய் உட்கார்ந்தேன்.

வட்டையில் அரைவாசி நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியபோடியார் எழுந்து பேசினார். தன் பங்கு வேலியை ஏன் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று விளக்கினார். வருடாவருடம் விளக்குகிற விளக்கம்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் வாயோரம் இரண்டும் தாமாகவே காதுப்பக்கம் இழுபட்டன. புருவம் மேலே ஏறியது. பற்கள் வெளியே வந்தன. கையால் மூடப் பார்த்தேன். கன்னம் பலகையாய் இருந்தது.

போடியார் பேச்சை நிறுத்தினார். "என்ன விதானையார், பல்லக் காட்டுறீங்க? நான் என்ன கூத்தா ஆடுறன்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. சிரிப்பு இன்னும் அகன்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உள்ளதைச் சொன்னால், அவர் பேச்சுக்கு அந்தச் சிரிப்பு பொருத்தமானதுதான். ஆனால் அதை நான் சிரிக்கவில்லை. என் முகத்தில் ஏறி வேறெதுவோ சிரித்தது. வாழ்நாளில் அன்றுதான் எனக்கு மெய்யான பயம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னம்மா விளக்கைத் தூக்கி என் முகத்தில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது இவர்ர சிரிப்பில்ல" என்றாள். "இவர் சிரிச்சா கண்ணும் சேந்து சிரிக்கும். கண்ணப் பாருங்க, அழுகுது."

என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியதில் அவளுக்குக் கிடைத்த படிப்பு அது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. வந்து கூடியிருந்த அயலவர்கள் எல்லாம் முடிவு கட்டிவிட்டார்கள், பேய். வாய்க்கால் ஓரத்தில் பிடித்த பேய். கட்டாடியைக் கூப்பிட்டு உடுக்கடித்துப் பேயை ஓட்ட வேண்டும். ஒருவர் உடனே ஓடிப்போய் உடுக்கோடு கட்டாடியைக் கூட்டியும் வந்துவிட்டார். நல்ல காரியத்துக்கு இவர்கள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

படலையடியில் உடுக்கை ஒரு தட்டுத்தான் தட்டினார். என் முதுகு பின்பக்கம் வளைந்தது. குதிக்காலும் பிடரியும் மட்டும் பாயில் பட, நடு உடம்பு மேலே நின்றது. எலும்பெல்லாம் முறிகிறது என்று நினைத்தேன். கத்தவும் வாய் இல்லை. இந்த நோயின் கேடு கெட்ட குணம் என்னவென்றால், அறிவை மட்டும் தொடாது. சுற்றி நிற்கிறவன் பேசுகிற மடமைகள் ஒன்றுவிடாமல் காதில் விழும்.

"பாத்தீங்களா, பேய்க்கு உடுக்குச் சத்தம் பிடிக்கல்ல" என்றார் கட்டாடி சந்தோசமாக.

பொன்னம்மா உலக்கையைத் தூக்கினாள். "இன்னொரு தட்டுத் தட்டினா மண்டை பிளக்கும். தம்பி, தோணிய எடு!"

வண்டி குலுங்கினால் வலிப்பு வரும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் பட்டிருக்கிறது. செய்தி கேட்டு வந்து நின்ற சின்னத்தம்பி தன் மட்டித் தோணியில் வைக்கோல் பரப்பி என்னைக் கிடத்தினான். பட்டணம் வரைக்கும் வாவியிலேயே போனோம். மட்டி நாற்றம் வைக்கோலைத் தாண்டி மூக்கில் ஏறியது. தண்ணீரில் கோல் விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று அவன் கோலைப் பிள்ளையைத் தொட்டிலில் வைப்பதுபோல வைத்து வைத்து எடுத்தான்.

ஆஸ்பத்திரி டாக்குத்தர் யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் பக்கத்துச் சனத்தை அவர் பார்க்கிற பார்வையைப் பார்த்தால், அதற்கு முன்னால் என் தூக்கின உதடு வெறும் பிச்சைக்கார உதடு. ஒரு கரண்டியின் மெல்லிய காம்பைப் பல்லிடுக்கால் என் தொண்டைப் பக்கம் விட்டார். தாடை அதைக் கடித்துக்கொண்டது. கரண்டியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, "ஏற்புவலி" என்றார். ஏற்பு என்றால் தசை தசையாக இழுத்து இறுக்கி, கடைசியில் மூச்சு விடுகிற தசையையும் இறுக்கிக் கொல்லுகிற நோய். அதன் நஞ்சு நரம்பு வழியே ஏறும். தாடையில் தொடங்கும். முகத்தில் அது வரைகிற கோணல் சிரிப்புக்கு வைத்திய நூல்களில் தனிப் பெயரே இருக்கிறதாம். எனக்கு அது பிறவியிலேயே கிடைத்திருந்தது, நோய் கொஞ்சம் திருத்தி எழுதியது, அவ்வளவுதான்.

என் காலைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பொருக்கைக் கத்தியால் உரித்தார். உள்ளே கறுத்துச் செத்த சதை நாறியது.

"ஆர் உதுக்குள்ள சுண்ணாம்பு வைச்சது?"

சின்னத்தம்பி முன்னால் வந்தான். பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். "நான்தான் ஐயா. என்ட சூளைச் சுண்ணாம்பு."

டாக்குத்தர் அவனைப் பார்த்த பார்வையை எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன். "உங்கட ஊராக்கள் வெள்ளாமைக்காரர்தானே? விதைநெல்லைப் பெட்டிக்குள்ள போட்டு வைச்சால் முளைக்குமோ?"

"முளைக்காது ஐயா."

"எப்ப முளைக்கும்?"

"ஊறப்போட்டுச் சாக்கில கட்டி, பாரம் ஏத்தி, சூடு வந்தா முளைக்கும்."

"உந்த நோய்க் கிருமியும் அப்பிடித்தான். மண்ணிலயும் சாணியிலயும் வித்தாய்க் கிடக்கும். கோதுக்குள்ள நித்திரை. வருசக்கணக்காய்க் கிடக்கும். கொதிதண்ணியில போட்டாலும் லேசில சாகாது. அந்த வித்து புண்ணுக்குள்ள போனால் மட்டும் நோய் வராது. கழுவி, காத்துப்பட விட்டால் முளைக்காமலே கிடக்கும். உடம்பு அதைத் தின்னும். ஆனால் நீ என்ன செய்தனீ? சேத்தோட வைச்சு அடைச்சாய். காத்தை மறிச்சாய். சுண்ணாம்பு சுத்தியிருந்த சதையைச் சாகடிச்சுப்போட்டுது. சுண்ணாம்பில இருக்கிற கல்சியம் என்கிற உப்பு, உடம்பின்ர காவல்காரரைக் கிட்ட வரவிடாமல் தடுக்கும். வித்து முளைக்கிறதுக்கு இதைவிட நல்ல சாக்கு வேற இல்லை."

"சுண்ணாம்பு எல்லாத்தையும் கொல்லும் எண்டு..." என்று இழுத்தான் சின்னத்தம்பி.

"உன்ர மச்சானைக் கொல்லும். வித்தைக் கொல்லாது."

நெல் உவமையைக் கேட்டபோது, படித்தவர்கள் எங்களுக்குப் புரிய வைக்கக் குனிந்து பேசுகிற அந்தத் தொனியில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மனிசன் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சல். சுண்ணாம்பு, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா என்று சில பொருள்கள் அந்த வித்தை எழுப்பிவிடும் என்றார். வேறு சில பொருள்கள் முளைக்க விடாமல் அமர்த்தும். அவர் என் காலில் ஊற்றிய நுரைக்கிற மருந்து அந்த இரண்டாம் வகை. புண்ணுக்குள் பொங்கிக் காற்றைக் கக்கும். காற்று இருக்கும் இடத்தில் அந்த வித்து கண் திறக்காதாம். செத்த சதையை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அதைத்தான் ஊற்றினார்.

இதெல்லாம் இனி முளைப்பதைத் தடுக்கத்தான். முளைத்தது கக்கிய நஞ்சு ஏற்கெனவே என் நரம்பில் ஏறிவிட்டது. அதற்கு மாற்று, குதிரைச் சீரம். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நஞ்சை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்தில் ஊறுகிற எதிர்ப்புத் தண்ணீரை எடுத்துப் போத்தலில் அடைத்தது. முதல் ஊசிக்கு அங்கே இருந்தது. மிச்சம் கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும். அந்த ரயிலைப் போல நான் எதையும் எதிர்பார்த்ததில்லை, என் கலியாணத்தைக்கூட.

என்னை மூலையில் இருந்த இருட்டு அறையில் போட்டார்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணி. காதில் பஞ்சு. கதவைச் சாத்தினால் ஒரு வலிப்பு, கோப்பை விழுந்தால் ஒரு வலிப்பு, நுளம்பு கடித்தால்கூட ஒரு வலிப்பு. தாதி வெறுங்காலோடு நடந்தாள். தூங்க வைக்கிற மருந்தைப் பின்பக்கத்தால் குடலுக்குள் ஏற்றுவார்கள். கடைவாயில் எனக்கு ஒரு பல் இல்லை. அந்த ஓட்டை வழியாக மெல்லிய இறப்பர்க் குழாயை விட்டுப் பொன்னம்மா கஞ்சி ஊற்றுவாள். ஒரு வாய் கஞ்சி உள்ளே போவதற்குள் ஒரு வயல் உழுதுவிடலாம். அவள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அவள் செய்ததை எழுத எனக்கு வேறு பேச்சுத் தெரியாது, அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்தது என் தகுதிக்கு மேல்.

மற்றச் சனத்தைப் பற்றி எழுதத்தான் என் கை துடிக்கிறது. தோடம்பழம் கொண்டுவந்தார்கள். வாயே திறக்காதவனுக்குத் தோடம்பழம்! கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஆள் நல்லாத்தானே இருக்கார், சிரிக்கார்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். என் சொந்த அக்கா வந்தாள். தாய்வீட்டுப் பிரதிநிதி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய், "எங்கட தம்பிய என்ன செய்தீங்க? சுண்ணாம்பு வைச்சுக் கொல்லவா அவனைக் கட்டித் தந்தம்?" என்று சின்னத்தம்பியைப் பிடித்தாள். அந்தச் சத்தத்துக்கு எனக்கு இரண்டு வலிப்பு வந்தது. தம்பிமேல் அவ்வளவு பாசம்.

சத்தத்தை நிறுத்தியது அடுத்த அறையில் இருந்த ஏறாவூர்க்காரர், மீராசாக் காக்கா. அவருடைய தம்பிக்கும் அதே ஏற்புத்தான். கருவாட்டு வியாபாரி, காய்ச்சல் வந்திருக்கிறது. ஊசி போடத் தெரியும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஒருவன், பிட்டத்தில் கொயினா ஊசி போட்டிருக்கிறான். ஊசி போன இடத்தில் சதை செத்தது. ஊசியில் ஒட்டியிருந்த வித்து அங்கே முளைத்தது. எனக்குச் சுண்ணாம்பு, அவருக்குக் கொயினா. மீராசாக் காக்கா என் அக்காவின் முன்னால் போய்க் கைகூப்பினார். "உம்மா, சத்தம் போடாதீங்க. ரெண்டு உசிரு ரெண்டு பக்கமும் தொங்குது" என்றார். என் அக்காவை வாயடைக்க வைத்த மனிசனை நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

சின்னத்தம்பி உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே சுவரோடு குந்தியிருப்பான் என்று பொன்னம்மா காதோடு சொன்னாள். சாப்பிடுகிறானில்லை. வெற்றிலை போடுகிறானில்லை. கறண்டகத்தை வாவிக்குள் எறிந்துவிட்டான். ஒருநாள் மெல்லக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என் முகத்தில் அந்தச் சிரிப்பு. பல்லெல்லாம் தெரிய, புருவம் தூக்கி, உதடு இழுத்து, உலகத்திலுள்ள எல்லா இளக்காரமும் சேர்ந்த சிரிப்பு. அவன் முகம் சுருங்கியது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அவனைத்தான் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். வாழ்நாள் முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்தவன்தானே நான்! இப்போது அவன் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை மாற்றப் பார்த்தேன். முயற்சி செய்தால் தசை இன்னும் இறுகும், சிரிப்பு இன்னும் விரியும். "அடேய், இது நோய் சிரிக்குதடா" என்று சொல்ல நாக்கு பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு ஏச்சு, ஒரே ஒரு மடையா, அவனுக்குப் போதும். அதைச் சொல்ல முடியவில்லை. முதுகு வளைந்த வலியைவிட அது கொடுமையாக இருந்தது.

ஒரு விடியற்காலை அடுத்த அறையிலிருந்து மீராசாக் காக்கா மெல்லிய குரலில் ஓதும் சத்தம் கேட்டது. தம்பி மௌத்தாகிவிட்டார். அழக்கூட அவர் சத்தம் போடவில்லை, எனக்கு வலிப்பு வந்துவிடும் என்று. என் கதவடியில் வந்து நின்று பொன்னம்மாவிடம், "உங்கட ஆளு பொழைப்பாரு தங்கச்சி, அல்லாஹ் விடமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். என் சாதிசனத்தில் ஒருவனுக்கும் இந்த மரியாதை தெரியாது. நான் அழுதேன். சிரித்துக்கொண்டு அழுதேன், முகம் அப்படித்தானே.

அந்த மையத்து வெளியே போனதைச் சின்னத்தம்பி பார்த்திருக்கிறான். அத்தோடு அவனும் காணாமல் போனான். அடுத்தது மச்சான்தான் என்று அவனுக்குப் பட்டிருக்கும்.

ரயிலில் சீரம் வந்தது. இரண்டாம், மூன்றாம் ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து உடம்பெல்லாம் தடித்து அரித்தது. குதிரை இரத்தத்தோடு உடம்பு போடுகிற சண்டை அது, பயமில்லை என்றார் டாக்குத்தர். வலிப்பு குறைந்தது. ஒருநாள் பொன்னம்மாவின் சின்ன விரல் என் பல்லிடுக்கில் நுழைந்தது. பிறகு கரண்டி நுழைந்தது. டாக்குத்தர் வந்து பார்த்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். இளக்காரம் இல்லாத சிரிப்பு அவருக்கும் தெரிந்திருக்கிறது. வாய் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி, "சின்னத்தம்பி எங்க?"

பொன்னம்மா கஞ்சியைக் கலக்கினாள். பிறகுதான் சொன்னாள், சூளையை அணைத்துவிட்டான், பெண்சாதி பிள்ளைகளோடும் பேச்சில்லை, வாவிக்கரையிலேயே போய்ப் போய் நிற்கிறானாம். "எனக்குப் பயமாயிருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஊரின் அறிவை நான் முழுதாகக் கண்டேன். கட்டாடி, தன் உடுக்கின் ஒரு தட்டிலேயே பேய் பாதி இறங்கிவிட்டது என்று சொல்லித் திரிகிறார். அதைவிடப் பெரிய கூத்து, சனம் சின்னத்தம்பியின் சுண்ணாம்பைத் தேடித் திரிவது. "செத்துப்போன மனிசன எழுப்பின சுண்ணாம்பெல்லோ அது!" குதிரைச் சீரத்தைக் கண்ணால் கண்டவன் எவனும் இல்லை, சுண்ணாம்பு வைத்ததை ஊரே கண்டது. பிழைத்தது எதனால் என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? விதானை பிழைத்த சுண்ணாம்பு வேண்டுமென்று மண்வெட்டி பட்ட காலோடு பெரியபோடியாரே செட்டிபாளையம் போயிருக்கிறார்.

அதைக் கேட்டதும் நான் கோலை ஊன்றிக்கொண்டு புறப்பட்டேன். பொன்னம்மா கூட வந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது சூளையடியில் போடியார் காலை நீட்டிக்கொண்டு நின்றார். "உன்ட மச்சான் உசிரோட திரியிறான். எனக்கு வைச்சா மட்டும் என்ன வந்திரும்?" என்று அதட்டினார்.

"நான் வைக்கமாட்டன் போடியார்" என்றான் சின்னத்தம்பி. ஆள் எலும்பும் தோலுமாய் இருந்தான். "கழுவுங்க. சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதில நான் கைவைக்கமாட்டன்."

"பைத்தியக்காரன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். என்னைக் கண்டார். என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கோபித்துக்கொண்டு போனார். இந்தமுறை சிரித்தது நான்தான்.

சின்னத்தம்பியும் என்னைக் கண்டான். எழுந்து நின்றான். என் முகத்தை உற்றுப் பார்த்தான். ஏற்பு போனாலும் வாயோரத்து இழுவை இன்னும் முழுக்க விடவில்லை, பல மாதம் ஆகும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். பிறவிக் கோணலோடு அதுவும் சேர்ந்து நிற்கிறது. அதில் எது நோய், எது குணம் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

மரக்குற்றியில் உட்கார்ந்தேன். வழிநெடுக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. "வெத்திலை போடணும். சுண்ணாம்பு எடு" என்றேன்.

"சுண்ணாம்பு இல்ல மச்சான்."

"சூளைக்காரன் வீட்டுல சுண்ணாம்பில்லையா?"

அவன் பொன்னம்மாவைப் பார்த்தான். அவள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அணைந்துகிடந்த சூளைக்குப் பக்கத்தில் நீற்றுகிற பானை ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டினான். வெற்றிலையில் தடவினான். மடித்து நீட்டினான். அவன் கையிலிருந்தே வாயில் வாங்கினேன். தாடை வலிக்க வலிக்க மென்றேன். பானை அடிச் சுண்ணாம்பு, அளவில்லாமல் அப்பியிருந்தான். நாக்கு வெந்துபோயிற்று.

"சுண்ணாம்பு கூடிப்போச்சுடா மடையா!" என்றேன்.

அப்போதுதான் அவன் அழுதான்.